சாமித் தட்டில் ஒரு தும்புத்தடி

1

இந்த முறை நவராத்திரி தொடங்கிய கிழமையில் என் மகள் ஆரணி தன் பெரிய பையைத் தோளில் சுமந்துகொண்டு பாரிஸுக்குப் பக்கத்தில் பொண்டியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையை நடையில் இறக்கினாள். சப்பாத்தைக் கழற்றினாள். பிறகு, கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிறவள் மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அம்மா, நான் நிப்பாட்டிட்டன். இனி ஈக்கிப்பிலை இல்லை."

ஈக்கிப் என்றால் அணி. நான் பூசைக்குக் கடலை அவித்துக்கொண்டு நின்றேன். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அழுத முகமாக இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"சந்தோசமோ?"

"சந்தோசம் இல்லைப் பிள்ளை. ஆறுதல்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"இல்லை. உனக்கொரு பிள்ளை பிறந்தால் விளங்கும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு" என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே போய்க் கடலைச் சட்டியைத் திறந்தாள்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து போன் எடுக்கிற சொந்தக்காரர் எல்லோரும் "உன்ரை மகள் என்னவோ விளையாடுறாளாமே, என்ன அது?" என்று கேட்பார்கள். ஒரு போன் கதையில் அதை விளங்கப்படுத்த எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. இப்போது அவள் விளையாடி முடித்துவிட்டாள். ஆறுதலாக இருந்து சொல்லலாம்.

அந்த விளையாட்டுக்குக் கேர்லிங் என்று பெயர். நீளமான பனித்தரை. ஒரு கனமான கருங்கல், அடி வழவழப்பாகவும் மேலே கேத்தில் பிடி மாதிரி ஒரு பிடியோடும் இருக்கும். ஒருவர் குந்தியிருந்து வழுக்கிக்கொண்டு போய் அதை மெல்ல விடுவார். கல் தன்பாட்டில் போகும். அணியில் இரண்டு பேர் அதற்கு முன்னால் தடி பிடித்து, பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் கொஞ்சம் கூடத் தூரம் போகும், நேராகவும் போகும். தூரத்தில் பனிக்குள் ஒரு பெரிய வட்டம் கீறியிருக்கும். அதன் நடுவுக்குக் கிட்ட யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான்.

தேய்க்கிற தடியைப் பிரெஞ்சுக்காரர் பலே என்பார்கள். வீடு கூட்டுகிற தும்புத்தடிக்கும் அவர்களிடம் அதே பெயர்தான். முந்தி உண்மையாகவே தும்புத்தடியால்தான் விளையாடினார்களாம். இப்போது நீளப் பிடியும் அடியில் துணி சுற்றிய தட்டையான பலகையும் இருக்கும்.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா சப்பலில் என்னோடு மரக்கறி வாங்க வருகிற பாக்கியம் அக்காவுக்கு இது போதுமாக இருந்தது. அவ வாய் சும்மா இராது.

"உலகத்திலை எத்தினை விளையாட்டு இருக்கு. தாய் கந்தோர் கூட்டுறா, மகள் ஐஸ் கூட்டுறாள். நல்ல குடும்பத் தொழில்தான்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். முருங்கைக்காயைத் தெரிந்து பையில் போடும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் குத்தும்.

2

அவள் இதற்குள் போனதே என்னுடைய ஒரு சண்டையில்தான்.

2009ஆம் ஆண்டின் வசந்தம். அந்த மாதங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே நாங்கள் எல்லோரும் போனும் கையுமாகத் திரிந்தோம். கடைசி யுத்தம் நடந்த வன்னியில் இருந்த என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைகளுக்குப் போனால், அரிசி வாங்க வந்தவர்கள் அரிசியை மறந்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்பார்கள். வீட்டிலும் அதே தொலைக்காட்சிதான். ஆரணிக்குப் பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறை. அவளும் எங்கள் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை இதுக்கு முன்னாலை வைச்சிருக்க வேண்டாம்" என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை. அவர் சொன்னபடி பிள்ளையை விடுமுறைக்காலச் சிறுவர் நிலையம் ஒன்றில் சேர்த்துவிட்டோம்.

அடுத்த நாள் பின்னேரம் கன்னம் இரண்டும் சிவந்துபோய் வந்தாள்.

"அம்மா, நான் இண்டைக்கு ஐஸ் கூட்டினன். நல்லாக் கூட்டுறன் எண்டு மதாம் சொன்னவ."

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில், அலுவலகக் கட்டடத்தில், விடியற்காலையில் துப்புரவு வேலை செய்கிறவள் நான். கூட்டுவது கேவலம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அடுப்பு அதிலும்தான் எரிகிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் தும்புத்தடியைக் கொடுத்து, நன்றாகக் கூட்டுகிறாய் என்று புகழ்வதா?

காலையில் வேலையில் ஃபாத்துவிடம் சொன்னேன். ஃபாத்து மாலி நாட்டுக்காரி. அன்று தொடக்கம் இன்றுவரை நானும் அவளும் ஒரே மாடியைத்தான் துப்புரவு செய்கிறோம். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற பிரெஞ்சு இலக்கணமே இல்லாத பிரெஞ்சு. நாங்கள் இரண்டு பேரும் அதை நன்றாக விளங்கிக்கொள்வோம்.

"வெள்ளைப் பிள்ளைகளும் கூட்டினார்களா, இல்லை உன் பிள்ளையும் என் பிள்ளையும் மாதிரியானவர்கள் மட்டுமா? கேட்டாயா?" என்றாள்.

நான் கேட்கவில்லை.

"போய்க் கேள். இன்றைக்கே போய்க் கேள். மிச்சத் தரையை நான் பார்க்கிறேன்."

வேலை உடுப்போடேயே போனேன். ரயிலில் வழி முழுவதும் சொல்ல வேண்டிய பிரெஞ்சு வசனத்தைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அங்கே பொறுப்பாக இருந்த இளம் பெண் வாசலில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நின்றா. நான் சொன்னேன்: "மதாம், என் மகள் இங்கே கூட்டுவதற்கு வரவில்லை. எங்கள் வீட்டில் கூட்டுவதற்கு நான் இருக்கிறேன்."

அவ சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன். "நீங்களும் பஸ்ஸில் ஏறுங்கள்" என்று மட்டும் சொன்னா.

பத்தினுவார் என்று இங்கே சொல்லுகிற பனித்தரை மண்டபத்தில் போய் இறங்கினோம். பொன்னிறத் தலைகள், சுருட்டைத் தலைகள், எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு தடியோடு பனியைத் தேய்த்து, வழுக்கி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் என் பிள்ளை. ஒரு கல்லுக்கு முன்னால் குனிந்து தேய்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமைகளில் எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வேலை உடுப்போடு ஒரு மூலையில் நின்று பார்த்தேன். கூட்டட்டும் என்று நினைத்தேன்.

தம்பி ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்று வைகாசி கழிந்துதான் தகவல் வந்தது. அந்தச் செய்தியும் அந்தச் சிரிப்பும் என் மனதில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. பின்னாளில் எத்தனையோ முறை அவளுடைய விளையாட்டை நிறுத்தச் சொல்ல நினைத்தும் வாய் வராததற்கு அதுதான் காரணம்.

3

பதின்மூன்று வயதில் சுவிஸில் நடந்த சிறுவர் போட்டிக்கு அவளைத் தெரிவு செய்தார்கள். பாரிஸில் பிறந்த பிள்ளை, ஆனால் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லை. நாங்கள் அகதி விசாக்காரர்கள். பதின்மூன்று வயதானால் திரிபுனால் என்கிற நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளைக்காகக் குடியுரிமை கேட்கலாம். பிள்ளை எட்டு வயதிலிருந்து இங்கேயே வாழ்கிறது என்று நிரூபிக்க வேண்டும். எல்லா வகுப்புச் சான்றிதழும் இருந்தது, பொண்டிக்கு வீடு மாறிய வருசத்தைத் தவிர.

அந்த ஒரு கடதாசிக்காகப் பழைய பள்ளிக்கூடத்துக்கும் புதிய பள்ளிக்கூடத்துக்கும் இடையில் அலைந்தேன். அவர்கள் இவர்களிடம் கேள் என்றார்கள். இவர்கள் அவர்களிடம் கேள் என்றார்கள். கடைசியில் திரிபுனாலில் இருந்த மனுசன் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். போட்டிக்கு என்றேன். என்ன போட்டி? சொன்னேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன்.

கடதாசி வந்தது. போட்டி முடிந்த பிறகு வந்தது. மற்றப் பிள்ளைகள் போய்ச் சொக்லேற்றோடு திரும்பிவிட்டார்கள். நான் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். ஆரணி ஒரு சொக்லேற்றை உரித்து என் வாயில் வைத்தாள்.

"அழாதேங்கோ அம்மா. ஐஸ் கரைஞ்சு போகாது."

4

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைதான் பயிற்சியும். இரண்டையும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்தோம். பிறகு ஒன்று அறுந்தது. எது அறுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சண்டை என்று வந்தால் இரண்டு பேரும் அவரவர் மொழியில் நிற்போம். தேர்த் திருவிழா வரும். லா சப்பல் தெருவெல்லாம் தேங்காய் உடைத்து வெள்ளமாக ஓடும். அந்த ஞாயிறும் அவள் எங்கேயோ மலைப்பக்கத்தில் பயிற்சியில் நிற்பாள்.

"பிள்ளையைக் கல்லுக்குக் குடுத்திட்டாய்" என்று பாக்கியம் அக்கா ஒருமுறை சொன்னா. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் வெளிக்கிட முதல் என் முன்னால் வந்து நெற்றியை நீட்டுவாள். நான் திருநீறு பூசிவிடுவேன். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் சாப்பிட மாட்டாள். நான் கட்டாயப்படுத்தியதே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன்.

படித்துக் கினே ஆனாள். கை கால் பிடிப்புக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அதோடு விளையாட்டையும் விடாமல் பெரியவர்களின் தேசிய அணிக்குள் போய்விட்டாள். ஆனால் ஐந்தாவது ஆளாக. பனியில் இறங்குவது நான்கு பேர். ஐந்தாவது ஆள் ஓரத்தில் உடுப்போடு தயாராக இருக்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் என்றால்தான் இடம். இரண்டு வருசம் என் பிள்ளை நாடு நாடாகப் போய் ஓரத்தில் இருந்துவிட்டு வந்தாள். மற்றவர்களுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நான் சாமியிடம் கேட்கவில்லை. கேட்கப் பார்த்த வாயை இரண்டொரு முறை மூடியிருக்கிறேன்.

மூன்றாம் வருசம் பயிற்சியாளர் திதியே ஒரு முடிவு சொன்னார். ஐப்பசியில் சுவிஸில், பாசல் நகரத்தில் ஒரு போட்டி. அங்கே ஆரணியை நால்வரில் ஒருத்தியாக இறக்கிப் பார்ப்பார். அது முடிந்த கையோடு ஐரோப்பியப் போட்டிக்கான நான்கு பெயரைச் சொல்லுவார்.

"இந்த முறையும் ஐஞ்சாவது எண்டால் நான் விட்டிடுவன் அம்மா" என்றாள் ஆரணி. "இருந்து பாக்கிறதுக்கு எனக்கு இனி ஏலாது."

5

பாசலுக்குப் போக முதல்நாள் சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்குக் கும்பம் வைத்து, புத்தகங்களும் தொழில் சாமான்களும் சாமிப் படங்கள் இருக்கிற சாமித் தட்டில் வைப்போம். இவருடைய சமையல் கத்தி, நான் தையல் தைக்கிற கத்தரிக்கோல், ஆரணியின் படிப்புப் புத்தகங்கள். அவள் தன் விளையாட்டுத் தடியைக் கொண்டுவந்து நடுவில் சாத்தினாள்.

"எடு அதை" என்றேன்.

"ஏன்?"

"தும்புத்தடியைச் சாமிக்கு முன்னாலை வைக்கிறதோ?"

தும்புத்தடியைப் பற்றி எங்களுக்குள் எவ்வளவு இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது. ஆள் வருகிற வழியில் கிடத்தக் கூடாது. ஒருவர் மேல் பட்டால் சண்டை. அதைக் கொண்டுபோய்ச் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்தால் யார் பொறுப்பார்கள்?

"அப்பாவின்ரை கத்தி மாட்டிறைச்சி வெட்டுது. அது இருக்கலாம். என்ரை பலே ஐஸைத் தவிர ஒண்டையும் தொடேல்லை. அது இருக்கக் கூடாதோ?"

இவர் கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கடலையை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு பக்கமும் சேராமல் இருந்துவிட்டார்.

எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் பூசை அவசரத்தில் நின்றார்.

"அதாலை அந்தப் பிள்ளை எதைக் கூட்டுறா அம்மா? குப்பையோ?"

"இல்லை ஐயா, ஐஸை."

"ஐஸ் எண்டால் தண்ணிதானே. தண்ணி சுத்தம். வையுங்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

வைத்தேன். வைத்த பிறகு அரைகுறையாகச் செய்யக் கூடாது என்று நினைத்தேன். பூசை முடிந்து எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைக்கிற நேரம், மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பொட்டுத் தலைப்பக்கம் வைப்பதுதானே முறை. தும்புத்தடிக்குத் தலை எது? துணி இருக்கிற பக்கம்தானே. அந்தத் துணி நிறையத் திருநீற்றைப் பூசி, நடுவில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமமும் வைத்தேன். காய்ந்ததும் அதன் உறையைப் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். மனம் நிறைந்திருந்தது.

6

பாசல் பாரிஸில் இருந்து கிட்டத்தான். என் தங்கை மலர் அங்கே இருக்கிறாள். அதனால் நானும் அதே ரயிலில் வெளிக்கிட்டேன். அதுவரைக்கும் அவளுடைய பெரிய ஆட்டம் ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை.

ரயிலில் அணிப் பிள்ளைகள் சுற்றியிருந்து பகிடி விட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குனிந்து சப்பாத்தின் அடியை ஒரு சின்னத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று ஆரணியிடம் கேட்டேன்.

"ஐஸிலை ஒரு தூசி கிடக்கக் கூடாது அம்மா. ஒரு தலைமயிர் விழுந்தாலே காணும். கல்லு அதிலை ஏறினால் வழி மாறிப் போயிடும். ஆட்டமே போயிடும்."

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே என்ன போனது என்று எனக்குத் தெரியாது.

பை தலைக்கு மேல் தட்டில் இருந்தது. இறங்கியதும் எப்படியாவது எடுத்துத் துடைத்துவிடலாம் என்று இருந்தேன். இறங்கியதும் அணியின் வான் வந்து பைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. போன் பண்ணிச் சொல்லலாம். ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளையின் மனதைக் குழப்பலாமா? சொல்லாமல் விட்டால் ஆட்டத்தையே குழப்பினவள் ஆகிவிடுவேனே? துடைத்திருப்பாள், பார்த்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் மலரும் நானும் கண்ணாடிக்குப் பின்னால் உயரத்தில் இருந்து பார்த்தோம். கீழே என் பிள்ளை நால்வரில் ஒருத்தியாக நின்றாள். நன்றாகத்தான் தொடங்கினார்கள். பிறகு அணித் தலைவி ஒரு கல்லை விட்டாள். ஆரணியும் இன்னொருத்தியும் முன்னால் தேய்த்துக்கொண்டு ஓடினார்கள். அழகாகப் போய்க்கொண்டிருந்த கல் திடீரென்று யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு பக்கம் திரும்பி, வட்டத்துக்கு வெளியே போய் நின்றது. ஒருத்தி குனிந்து பனியில் இருந்து எதையோ விரலால் கிள்ளி எடுத்தாள். நால்வரும் அதைப் பார்த்தார்கள்.

"ஏன் அக்கா, முகம் வெளிறிப்போச்சு? குளிரோ?"

"மலர், நான் அந்தத் தடியிலை சந்தனம் பூசிவிட்டனான்."

"எந்தத் தடியிலை?"

"துணியிலை."

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. என் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"போய்ச் சொல்லு அக்கா. இனியும் விழுமெல்லோ."

"சொன்னால் அவளைத்தானே வெளியிலை எடுப்பினம்."

"சொல்லாட்டி அவள்தானே தோக்கிறாள்."

பாதி ஆட்டத்தில் ஒரு சின்ன இடைவேளை விட்டார்கள். பிள்ளையாரப்பா என்று எழும்பிப் படியிறங்கினேன். திதியே ஓரத்தில் போத்தலோடு நின்றார். ரயிலில் பாடமாக்கிக்கொண்டு போக இந்த முறை நேரம் இல்லை.

"மிசியே, பிழை என்னுடையது. அவளை வெளியே எடுக்க வேண்டாம். அவளுடைய தடியில் நான் பொடி பூசிவிட்டேன்."

"பொடியா? என்ன பொடி?"

எனக்குச் சொல் வரவில்லை. என் நெற்றியைக் காட்டினேன்.

அவர் என் நெற்றியை ஆறுதலாகப் பார்த்தார். திருநீறு, சந்தனம், குங்குமம், ஒவ்வொன்றாக. பிறகு திரும்பி ஆரணியைக் கூப்பிட்டார். அவள் தடியோடு வந்தாள். துணி வெள்ளை வெளேரென்று, கடையில் வாங்கிய மாதிரி இருந்தது.

"அம்மா, இஞ்சை என்ன செய்யிறீங்கள்?"

"சந்தனம் எங்கை?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுத் துணி போடுறனாங்கள். நீங்கள் பூசினது ஹொட்டேலிலை பைக்குள்ளை கிடக்கு."

"அப்ப அந்தக் கல்லு?"

"அது ஆரின்ரையோ கையுறை நூல். அப்பிடி நடக்கிறதுதான்."

அங்கே இருந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

"கோவமோ பிள்ளை?"

"பேந்து கோவிக்கிறன். இப்ப நேரம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பனிக்கு ஓடினாள்.

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். மற்றவற்றில் வென்றார்கள். இந்த விளையாட்டில் வென்றவர்கள் தோற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குடிக்க வாங்கிக் கொடுப்பது வழக்கம். என் பிள்ளையைத் தோற்கடித்த பிள்ளைகள் அவளுக்கு ஓரேஞ்ச் ஜூஸ் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டங்களை நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் பின்னேரம் மண்டபத்தின் நடையில் வைத்துத் திதியே பெயர்களைச் சொன்னார். நான் தூரத்தில் நின்றேன். சத்தம் கேட்காது. மகளுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருசமாக ஓரத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த அந்த முதுகு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றது. பிறகு பக்கத்தில் நின்ற பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்தாள். ஆரணி திரும்பி என்னைத் தேடினாள்.

நால்வரில் ஒருத்தி.

நான் நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போகும்போது திதியே என் கையைக் குலுக்கிச் சொன்னார்: "மதாம், அடுத்த முறை கைபிடியில் வையுங்கள். அங்கே ஒன்றும் கெடாது."

7

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. ஸ்கொட்லாந்து, சுவீடன், எஸ்தோனியா. ஒருமுறை கனடா. அங்கே எல்லோருக்கும் இந்த விளையாட்டுத் தெரியுமாம். ஆனால் எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் அதுவரை பார்த்ததில்லை. பொரித்த ரோல்ஸும் பிளாஸ்கில் தேநீருமாக ஒரு வரிசை நிறைய வந்திருந்து, கல் எங்கே போனாலும் கை தட்டினார்களாம். மற்ற அணியின் கல்லுக்கும் தட்டினார்கள் என்று ஆரணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பெரிய பதக்கம் என்று ஒன்றும் இல்லை. ஒருமுறை மூன்றாம் இடம். நிறையத் தோல்வி. ஆனால் ஓரத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நெற்றியை நீட்டிவிட்டுப் போனாள், கை கால் முழுதாகத் திரும்பி வந்தாள். முழங்கால் மட்டும் கொஞ்சம் நொந்தது. அதனால்தான் நிறுத்தினாள். தானாக நிறுத்தினாள். யாரும் நிறுத்தவில்லை. என்னுடைய ஆறுதல் அதுதான்.

இந்த முறை அவளுடைய பையை நான்தான் ஒதுக்கி அடுக்கினேன். அடியில் ஒரு பிளாஸ்ரிக் உறை. திறந்தால் தடியின் பழைய துணி ஒன்று. சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் மண்ணிறமாகி, திருநீறு உறைக்குள் உதிர்ந்து கிடந்தது.

"இதை ஏன் வைச்சிருக்கிறாய்?"

"எறியிறதோ? சாமியின்ரை எல்லோ" என்றாள் தமிழில்.

இவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சை பார், இந்தச் சந்தனம் எஸ்தோனியா பாத்திருக்கு. நீயும் நானும் பாக்கேல்லை."

சரஸ்வதி பூசையன்று தடியைச் சாமித் தட்டில் அவளே வைத்தாள். நான் பொட்டைக் கைபிடியில் வைத்தேன். அவள் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்கடை எங்கை அம்மா?"

"கத்தரிக்கோல் இருக்குத்தானே."

"அது இல்லை. நீங்கள் வேலை செய்யிறது."

"அது கந்தோரின்ரை சாமான். வீட்டை கொண்டுவர ஏலாது."

அவள் கடலை எடுக்கக் குசினிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை.

விஜயதசமி காலையில் வேலைக்குப் போகும்போது கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். கந்தோரில் வாளிகளும் தடிகளும் வைக்கிற அலுமாரியைத் திறந்தேன். இத்தனை வருசமாக என் கை பிடித்துப் பிடித்து வழுவழுப்பான என் தடியை எடுத்துச் சுவரில் சாத்தினேன். கைபிடியில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

ஃபாத்து பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"என்ன அது?"

"நேற்றும் இன்றைக்கும் எங்களுக்கு வேலைச் சாமான்களுக்கான நாள். மகள் பனியில் பிடித்த தடிக்கும் வைத்தேன்."

அவள் என் தடியைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்குள் கையை விட்டுத் தன்னுடைய தடியை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"துணியிலா?" என்று கேட்டாள்.

"இல்லை, கைபிடியில்" என்றேன்.